மாந்தோப்புக்கு வாங்கிய புல்வெட்டி

அந்த வருடம் மழை விட்டுப் பத்து நாள் ஆவதற்குள் மாந்தோப்பில் புல் இடுப்பளவு ஏறிவிட்டது. டூட்டி முடிந்து தோப்பு வழியாகக் குறுக்கே விடுதிக்கு நடந்த ஒரு நர்ஸைக் கண்ணாடி விரியன் கடித்தது. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே கடித்ததால் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா நிர்வாக அதிகாரியைக் கூப்பிட்டார். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"டிராக்டர் நம்மகிட்ட இருக்கு. அதுக்குப் பின்னாடி மாட்டற மாதிரி புல்லு வெட்டற மெஷின் ஒண்ணு வாங்கணும்மா. நீதான் எஞ்சினியர், நீயே செலக்ட் பண்ணு. பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் வேணும்."

"சரி சார்" என்றேன். குரலில் ஒன்றும் தெரிந்திருக்காது. என் குரலில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. பொறியியல் முடித்தவுடன், தாம்பரத்துக்கு மேற்கே, திருநீர்மலைக் குன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த ஒரு மிஷன் மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. ஜெனரேட்டர், தண்ணீர் பம்புகள், சலவைக்கூடத்துக் கொதிகலன் மூன்றும் என் பொறுப்பு. பல்லாவரத்திலிருந்து காலை மின்சார ரயிலில் வருவேன். வரும்போதே அன்று பார்க்க வேண்டியவற்றைக் கைநோட்டில் வரிசையாக எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பது அனுபவம். இந்தப் புல்வெட்டி விஷயத்தில் அது பலிக்கவில்லை. முதல் வரியை எழுதியவுடனே பயம் கூடியது.

அதற்குக் காரணம் பாம்பு அல்ல. நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை லாரியில் போட்டு எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். யாருடைய தோட்டத்திலோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். தாழ்ந்த கிளை ஒன்று நெஞ்சில் தள்ள, இருக்கையிலிருந்து பின்பக்கமாக விழுந்திருக்கிறார். டிராக்டர் மாடு அல்ல, ஆள் விழுந்ததும் நிற்பதற்கு. பின்னால் மாட்டியிருந்த உழவுத் தட்டுகள் அவர் மேல் ஏறிப் போய்விட்டன. அறுவை மருத்துவர் என்னை ஆளனுப்பி வரவழைத்து, தட்டுகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கும், எந்தக் கோணத்தில் மண்ணுக்குள் இறங்கும், எத்தனை அங்குலம் இறங்கும் என்று கேட்டார். நான் ஒரு தாளில் படம் போட்டு அளவுகளைக் குறித்துக் கொடுத்தேன். கோடுகள் நேராகத்தான் விழுந்தன. அடிபட்டவர் மறுநாள் காலை இறந்துபோனார்.

எங்கள் தோப்பில் இருநூற்றுப் பதினொரு மாமரங்கள். நாற்பதடிக்கு ஒன்றாக வைத்தவை, கிளைகள் நாலா பக்கமும் தாழ்ந்து படர்ந்தவை. அவற்றுக்கு அடியில் போகப்போகிறவரை எனக்குத் தெரியும். திருநீர்மலையை ஒட்டிய கிராமத்துக்காரர். குடும்பத்தில் நிலம் இருந்து, விற்று, அது வீட்டு மனைகளாகப் போன பிறகு டிராக்டர் ஓட்ட வந்தவர். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் டிராக்டரில் தண்ணீர் டேங்கும் குப்பை வண்டியும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கச் சொல்கிற இயந்திரத்தோடு இந்த மனிதர் அந்தக் கிளைகளுக்கு அடியில் போய்விட்டு உயிரோடு திரும்பி வர வேண்டும். மற்றதெல்லாம், புல் எவ்வளவு உயரத்துக்கு வெட்டும், எத்தனை மணி நேரத்தில் முடிக்கும் என்பதெல்லாம், எனக்கு அதற்குப் பின்னால்தான்.

கிளைகளைக் கழித்துவிடலாமே என்று முதலில் கேட்டேன். பெரிய டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாம்பூ எடுக்கிற காலம். பழம் முழுவதும் நோயாளிகளின் சமையலறைக்குப் போகும். மாலையில் நடக்க முடிந்த நோயாளிகள் அந்த நிழலில்தான் உட்காருவார்கள். "மரத்தை மெஷினுக்காக வெட்டாதே, மெஷினை மரத்துக்காகப் பார்" என்றார். சரி என்றுதான் பட்டது. முன்பெல்லாம் பக்கத்து ஊர்ப் பெண்கள் அரிவாளோடு வந்து வெட்டி, புல்லைத் தங்கள் மாடுகளுக்கே கொண்டு போவார்களாம். மனைகள் பெருகி மாடுகள் குறைந்த பிறகு அவர்கள் வருவதும் குறைந்துவிட்டது. பாதித் தோப்புக்குக்கூட ஆள் சேரவில்லை.

அளவெடுப்பதில் தொடங்கினேன். மரங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மிகத் தாழ்ந்த கிளை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு மூங்கில் கழியில் அடி அங்குலம் குறித்துக்கொண்டு அளந்தேன். புல்லுக்குள் கால் வைக்குமுன் கழியால் தட்டுவேன். ஒவ்வொரு அடிக்கும் தட்டினேன். எட்டு நாள் ஆயிற்று. அடிக்கட்டைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன, கல் எங்கே, பழைய வாய்க்கால் எங்கே என்பதையும் குறித்தேன். டிரைவர் தண்ணீர் டேங்கை ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்ப்பார்.

"இன்னாம்மா, மரத்துக்கெல்லாம் சட்ட தைக்கப் போறீங்களா?"

"உங்களையும் அளக்கணும் அண்ணா. டிராக்டர்ல உக்காந்தா உங்க தலை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு தெரியணும்."

"தலய அளக்கறதா?" அவர் சிரித்தார். "பொட்டி செய்யறவன்தான்மா ஆள அளப்பான். அவன்கூட ஆள் போன பொறவுதான் வருவான். நீங்க இன்னா இப்பவே வந்துகினு கீறீங்கோ?"

அவருக்கு அது வெறும் கிண்டல். எனக்கு அப்படிப் படவில்லை. கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஷெட்டில் நிறுத்தியிருந்த டிராக்டரில் அவரை ஏறி உட்காரச் சொன்னேன். ஏறினார், உட்காரவில்லை. நான் கீழே கழியோடு நின்றுகொண்டிருந்தேன். "உக்காருங்க அண்ணா" என்று மறுபடி சொன்னேன். "இருக்கட்டும்மா" என்றார். மூன்றாவது முறை, உட்கார்ந்தால்தான் அளவு சரியாக வரும் என்று விளக்கிச் சொன்ன பிறகு, இருக்கையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டாற்போல உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தச் சொல்லி அளந்தேன். தரையிலிருந்து உச்சந்தலை வரை ஆறடி பத்து அங்குலம். குழியில் சக்கரம் இறங்கி ஏறினால் ஆள் எம்புவார் என்று அதற்கு அரையடி சேர்த்தேன். ஏழடி நான்கு அங்குலம். அதற்குக் கீழே கிளை உள்ள மரம் எதுவானாலும் டிராக்டர் அதனடியில் போகக் கூடாது. அங்கே கையால்தான் வெட்ட வேண்டும். அப்படி அறுபத்தெட்டு மரங்கள். அவற்றில் சிவப்புத் துணி கட்டினேன்.

மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததே, அதை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

இயந்திரங்களைப் பார்க்க மவுண்ட் ரோடு பக்கம் நாலு கம்பெனிகளுக்குப் போனேன். நிர்வாக அதிகாரி மனதில் வைத்திருந்தது ஒரு கிளப் மைதானத்தில் அவர் பார்த்த உருளைக் கத்தி இயந்திரம். அது முழங்கால் புல்லுக்கே திணறும். இடுப்புப் புல்லுக்கு ஆகாது. அடுத்தது, டிராக்டரின் வலப்பக்கம் கை நீட்டினாற்போல நிற்கும் பல் வரிசை. சவரக் கடையில் முடிவெட்டும் கருவி போலவே இரண்டு வரிசைப் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஓடும். சுத்தமாக வெட்டும். ஆனால் அடிக்கட்டையில் இடித்தால் பல் உடையும். புல் அடைத்துக்கொள்ளும்போது யாராவது இறங்கி விரலால் எடுக்கப் பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் ஓயாமல் திரும்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் வருகிற கிளையைப் பார்க்க மாட்டார். நோட்டில் அதை அடித்துவிட்டேன்.

மிஞ்சியது சுழல்கத்தி. ஒரு இரும்புப் பெட்டி, அதன் அடியில் படுக்கைவாட்டில் சுற்றும் இரண்டு கத்திகள். கத்திகள் கீலில் தொங்குவதால் கட்டையில் இடித்தால் பின்னுக்கு மடங்கித் தப்பிக்கும். மரம் நிறைந்த இடத்துக்கு இதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பயப்பட வேண்டியவை இரண்டு: கத்தி விசிறி அடிக்கும் கல், டிராக்டரிலிருந்து பெட்டிக்குச் சக்தி கொண்டு போகும் சுழலும் தண்டு. ஒன்றுக்குச் சங்கிலித் திரை, மற்றதற்குத் தகர உறை. இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, எழுதிக்கொண்டேன்.

"மேடம், புல்லு என்ன புல்லு, கட்டை விரல் தடிமன் செடியக்கூட வெண்ணெய் மாதிரி சீவிடும்" என்றார் விற்பனையாளர். நல்ல மனிதர்தான். வேறு உதாரணம் சொல்லியிருக்கலாம்.

சுழல்கத்தியில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, டிராக்டருக்கு நேர் பின்னால் வருவது. அகலம் ஐந்தடி. கடையிலேயே இருந்தது, நாளைக்கே அனுப்பத் தயார். மற்றது பெட்டியை வலப்பக்கம் ஒதுக்கி மாட்டுவது; டிராக்டர் கிளைகளுக்கு வெளியே ஓட, பெட்டி மட்டும் அடியில் நுழையும். அகலம் குறைவு; எடை ஒரு பக்கம் இழுப்பதால் இடப்பக்கம் எதிர் எடை கட்ட வேண்டும்; ஆர்டர் கொடுத்தால் வர ஆறு வாரம். நான் முதல் வகையைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு வாரம் புல் அப்படியே நிற்கக் கூடாது, இன்னொரு நர்ஸ் கடிபடக் கூடாது என்பது ஒரு காரணம். கிளைகளைத்தான் ஒவ்வொன்றாக அளந்துவிட்டேனே என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று இப்போது சொல்ல முடியும்.

வாங்குமுன் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. லாரியில் இயந்திரம் வந்தது. விற்பனையாளரும் டிரைவரும் மாட்டினார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் நான் ஸ்பானர் போட்டு இழுத்துப் பார்த்தேன். சங்கிலித் திரை, தண்டின் உறை, எல்லாவற்றுக்கும் நோட்டில் குறி போட்டேன். நூறடிக்குள் மறைவில்லாமல் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நிர்வாக அதிகாரியும் விற்பனையாளரும் வார்டு வராந்தாவிலேயே நின்றார்கள். நான் பம்ப் ஷெட் சுவருக்குப் பின்னால், தலையை மட்டும் நீட்டிக்கொண்டு.

"சிவப்புத் துணி கட்டின மரத்துக்குக் கீழே போகாதீங்க அண்ணா. மத்ததுல போகலாம்."

"தெரியும்மா. பத்து தபா சொல்லிட்டீங்கோ. நீங்க போய் நில்லுங்கோ. உங்களப் பாத்தா எனக்கே பேஜாராவுது."

டிராக்டர் புறப்பட்டது. ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் ஒரு நிலையில் வைத்துவிட்டால் அது நடைவேகத்தில் தானாகப் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும். புல் படுத்தது. முதல் வரிசை முடிந்தது. அவர் தலை கிளைகளுக்குக் கீழே போகும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்தி, வெளியே வந்ததும் விட்டேன். இரண்டாவது வரிசையும் முடிந்தது. வராந்தாவிலிருந்து நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

மூன்றாவது வரிசையில் எனக்குச் சந்தேகம் வந்தது. தண்டின் மேல் இருக்கும் தகர உறை அசையாமல் நிற்க வேண்டும். அது தண்டோடு சேர்ந்து சுற்றுவது போலத் தெரிந்தது. வெயிலின் மினுக்கமாகவும் இருக்கலாம். உறை சுற்றினால் வேட்டி நுனி பட்டால் போதும், ஆளையே இழுத்துவிடும். சுவருக்குப் பின்னாலிருந்து சரியாகத் தெரியவில்லை. நான் வெளியே வந்து, வெட்டிய புல்லின் மேல் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

ஓடிக்கொண்டிருக்கிற டிராக்டரில், இரண்டு காலையும் பலகையில் ஊன்றி, ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, மறு கையால் தலையில் சுற்றியிருந்த துண்டை இழுத்து எடுத்துக்கொண்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, மரியாதையாக நின்றார். அவருக்கு முன்னால் நூற்று நாற்பத்தேழாம் மரம். சிவப்புத் துணி கட்டாத மரம். கிளை உயரம் ஏழடி ஐந்து அங்குலம். எனக்கு மனப்பாடம்.

கிளை அவர் காதுக்கு மேலே அடித்தது. அவர் பின்னுக்குச் சாய்ந்தார். முதுகு மட்கார்டின் மேல் விழுந்தது. தலையும் தோளும் அதற்குப் பின்னால் தொங்கின. அதற்குக் கீழே அந்தப் பெட்டி, அதே சத்தத்தோடு. துண்டு பறந்து போய்ப் பெட்டியின் முன்னால் விழுந்தது. அடுத்த நொடி சங்கிலித் திரைக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணுக்குகளாக வெளியே வந்தது.

டிராக்டரை நிறுத்தும் குமிழ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டாஷ்போர்டின் இடப்பக்கம், இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். எனக்கும் அதற்கும் நடுவே முப்பது அடி. நடைவேக டிராக்டர், ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் அசையவில்லை. கால் வரவில்லை. கத்தவும் இல்லை. பின்னால் யாரோ கத்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எதை எண்ணினேன் என்று இன்றுவரை தெரியாது.

அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. அதுதான் அவரைக் காப்பாற்றியது. விழுந்த வேகத்தில் அந்தக் கை சக்கரத்தை இழுத்துவிட, டிராக்டர் வரிசையை விட்டுத் திரும்பிப் பக்கத்து மரத்தில் போய் முட்டியது. எஞ்சின் இரண்டு முறை உதறி நின்றது. அதன் பிறகு தோப்பில் ஒரு சத்தமும் இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். காதோரத்திலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கி, சட்டைக் காலரில் சொட்டியது. என்னைக் கண்டதும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஏன் எழுந்தீங்க அண்ணா? ஏன் எழுந்தீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்க வந்தீங்களேம்மா" என்றார். "எஞ்சினியரம்மா எதுத்தாப்பல வந்து நிக்கறீங்கோ, நான் மேல குந்திகினு இருந்தா நல்லாவா கீது?"

நிர்வாக அதிகாரி மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. "தேங்க் காட், தேங்க் காட்" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஒரு சத்தம்கூடப் போடல பாரு. அப்படியே ஸ்டெடியா நின்னே. வேற பொண்ணா இருந்தா மயக்கம் போட்டிருக்கும்."

நான் நின்றது கால் வராததால் என்று அவருக்குத் தெரியாது.

வெளிநோயாளிப் பிரிவில் அவருக்குத் தையல் போடும்போது நான் சுவரோரம் நின்றேன். ஏழு தையல். நான்காவது தையலில் பெரிய டாக்டரம்மா, விஷயம் கேள்விப்பட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். டிரைவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஊசியும் நூலும் காதோரம் தொங்கின.

"யோவ், உக்காருய்யா!" என்று தையல் போட்ட டாக்டர் கத்தினார். "காது கையோட வந்துடும்!"

"டாக்டரம்மா வந்துருக்காங்க சார்" என்றார் டிரைவர், நியாயம் கேட்பவரைப் போல.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறடி பத்து அங்குலம் என்று எழுதியிருந்தேனே, அந்த அளவில் அந்த மனிதர் இல்லவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவர் தனியாக இருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் அளவு அது. டாக்டரம்மா அந்தப் பக்கம் வந்தால், சர்ச்சுக்குப் போகும் பாதிரியார் வந்தால், ஊர்க்காரப் பெரியவர் யாராவது வேலி ஓரம் நடந்தால், அவர் எழுந்திருப்பார். நான் வந்தாலும் எழுந்திருப்பார். அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்கத்தான் நான் போனேன்.

தையல் முடிந்ததும் வெளியே பெஞ்சில் இருந்தவரிடம் போனேன். "அண்ணா, இனிமே வண்டியில இருக்கும்போது யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது."

அவர் எழுந்து நின்று, "சரிம்மா" என்றார்.

அன்று ரயிலில் நோட்டைத் திறந்து அந்த இயந்திரத்தின் பெயர் மேல் கோடு போட்டேன். மறுநாள் நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு எதிரே நின்று, வலப்பக்கம் ஒதுங்கி மாட்டும் வகைதான் வேண்டும், ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றேன்.

"ஆறு வாரமா? அதுக்குள்ள இன்னொரு பாம்புக்கடி வந்தா யாரும்மா பதில் சொல்றது? நீயா? இவன்கிட்ட எழுந்திருக்காதேடான்னு சொன்னா முடிஞ்சுது. அதுக்காக மெஷினையே மாத்துவாங்களா?"

"சொன்னேன் சார். சரின்னார். எழுந்து நின்னுதான் சொன்னார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் வாழ்நாள் முழுக்க யாராவது தன் முன்னால் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்தான். தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "பாம்புக்கு நீதான் பொறுப்பு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த ஆறு வாரம் போல என் வேலைக் காலத்தில் வேறு ஆறு வாரம் இருந்ததில்லை. தோப்பு வழியை முள் வெட்டிப் போட்டு இரண்டு பக்கமும் அடைத்தேன். நர்ஸ்கள் சுற்று வழியில் கால் மணி கூடுதலாக நடந்து என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். முள்ளை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள். காலையில் வந்ததும் முதலில் தோப்பு முனையில் செருப்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வார்டுப் பக்கம் யாராவது ஓடினால் பாம்புக்கடியா என்று போய்க் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்தின்போது கண்ணை மூடினால், ஏழடி ஐந்து அங்குலத்தில் அந்தக் கிளை. பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை.

இடையில் மறுபடி அளந்தேன். இந்த முறை டிரைவரை டிராக்டர் பலகையில் எழுந்து நிற்கச் சொன்னேன். அதற்கு ஒரு முறை சொன்னதே போதுமாக இருந்தது. ஏழடி ஒன்பது அங்குலம். துண்டு எடுக்கிறாற்போலக் கையைத் தூக்கச் சொன்னேன். எட்டரை அடி.

"போன தபா குந்திகினு, இந்தத் தபா நின்னுகினு" என்றார் அவர். "அடுத்த தபா படுத்துகினா?"

"அதுக்கு வேற ஆள் வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். வாய்தவறி வந்துவிட்டது. சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். காதுக்கு மேலே தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது.

புது இயந்திரம் மாசி மாதத்தில் வந்தது. அதற்குள் புல் பாதி காய்ந்திருந்தது; யாரையும் பாம்பு கடிக்கவில்லை. அது என் திறமை அல்ல. இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே, இரு பக்கக் கிளைகளும் தொடாமல் வானம் தெரியும் ஒரு சந்து உண்டு. டிராக்டர் அந்தச் சந்திலேயே போகும். பெட்டி மட்டும் வலப்பக்கம் கிளைக்கு அடியில் நுழைந்து வெட்டும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறு பக்கம். மரத்தைச் சுற்றி மிஞ்சும் வட்டத்தைக் கையால் வெட்ட வேண்டும். சந்து முழுக்க ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே எட்டரை அடிக்குள் ஒரு சுள்ளிகூட இல்லை என்று கழியைப் பிடித்துக்கொண்டே நடந்து பார்த்திருந்தேன். இருந்தாலும் கோட்டில் தட்டும் கழி வேறு, ஓடும் டிராக்டரில் நிற்கும் மனிதர் வேறு. ஒரு முறை ஏமாந்துவிட்டேன். ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்புதல் எழுத வேண்டும் என்றால், அவர் எழுந்து நிற்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சொல்லி நிற்கவைத்தால் கவனமாக நிற்பார். அது கணக்கில் வராது. அவராக எழ வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

இயந்திரம் முதல் வரிசையில் பாதி தூரம் வந்துவிட்டது. கிளைகளுக்கு அடியிலிருந்து தூசியும் காய்ந்த புல்லும் கிளம்பின. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்ப் ஷெட் சுவரை விட்டு நான் நகர வேண்டும். கோட்டை ஒரு கை அளவு தவறிப் போட்டிருந்தால்? அவர் ஒரு முழம் வலப்பக்கம் வந்துவிட்டால்? இப்போது நான் நடந்தால்தான் அவருக்கு ஆபத்து. நடக்காமல் கையெழுத்துப் போட்டால் என்றைக்கோ ஒரு நாள் வேறு யாராவது அந்தப் பக்கம் நடப்பார்கள்.

பெட்டியிலிருந்து கல் தெறிக்காத இடப்பக்கமாக, நேரே அவர் கண்ணில் படும்படி, புல்லில் இறங்கி நடந்தேன்.

அவர் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஒரு நொடி, எழக் கூடாது என்று நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். உடம்பு பாதியில் நின்றது. பிறகு முழுக்க எழுந்தார். கை துண்டுக்குப் போயிற்று. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு மேலே பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை. வெயில் மட்டும். வலப்பக்கம் மூன்றடி தள்ளி, கிளைகள் அசையாமல் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தன.

என்னைக் கடந்ததும் உட்கார்ந்தார். ஒரு முறை போதாது. வரிசைக் கடைசியில் திரும்பி வந்தபோது மறுபடி எதிரே நடந்தேன். எழுந்தார். அடுத்த வரிசையில் மறுபடி. எழுந்தார். கால்கள் அன்றைக்கு மாதிரி நிற்கவில்லை, நடந்தன. ஐந்தாவது முறை அவர் டிராக்டரை நிறுத்திவிட்டு, நின்றபடியே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சினியரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒண்ணு இந்தாண்ட நில்லுங்கோ, இல்ல அந்தாண்ட நில்லுங்கோ. எத்தினி தபாதான் எழுந்து எழுந்து குந்தறது? புல்லு வெட்டறதா, பஸ்கி எடுக்கறதா?"

நான் பம்ப் ஷெட்டுக்குத் திரும்பி வந்து, சுவரில் சாய்ந்து, நோட்டை எடுத்தேன். எழுத்து கோணலாக விழுந்தது. இன்னும் எட்டு வரிசை இருந்தது. அவர் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன், கடைசி வரிசை முடியும் வரை.